அண்ணன் ஊர்ப் புகை

எங்கள் துத்லி கிராமத்தில் ஜுலைஹோ என்று கேட்டால் யோசிப்பார்கள். ஆலைக்காரன் தங்கச்சி என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணமாகி நான் அவள் பக்கத்து வீட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பெயரை மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிற்பாடு அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள்.

அவளுடைய அண்ணன் ரஜப். கிழக்கே மலையடிவாரத்தில், பக்கத்துத் தாஜிக் குடியரசில், அலுமினிய ஆலை கட்டத் தொடங்கியபோது கூலி வேலைக்குப் போனவன். அப்போது அது வேறு நாடு இல்லை, எல்லாம் மாஸ்கோ ஆண்ட ஒரே பெரிய நாடு. வழியில் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். அதைத் தாண்டுகிறபோது பஸ் டிரைவர் ஒரு சிகரெட் பற்ற வைத்துக்கொள்வார், அவ்வளவுதான் எல்லை. ஆலை ஓடத் தொடங்கியதும் உலோகம் உருக்கும் கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கேயே ஸெபோ என்ற தாஜிக் பெண்ணைக் கட்டிக்கொண்டு குடியிருப்பில் இரண்டு அறை வீடும் வாங்கிவிட்டான். அப்பா இல்லாத குடும்பம். எஷ்முரோத்துக்கு ஜுலைஹோவைக் கட்டிக் கொடுத்தபோது ஆடு அறுத்தது, பலாவ் சோற்றுச் சட்டி ஏற்றியது, மாப்பிள்ளைக்கு மேலங்கி போர்த்தியது எல்லாம் ரஜப்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை நிறைய அலுமினியச் சாமான்கள் கொண்டு வருவான். எங்கள் தெருவில் அவன் கொடுத்த கிண்ணம் இல்லாத வீடு கிடையாது.

ஜுலைஹோவுக்குப் பட்டுப்புழுவில் கைராசி உண்டு என்று பேர். வசந்தம் பிறந்தால் கூட்டுப்பண்ணையிலிருந்து வீட்டுக்கு ஒரு பெட்டி புழு முட்டை வந்துவிடும். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல அறைகளைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் முற்றத்தில் படுத்துக்கொள்வார்கள். வாய்க்கால் கரை மல்பெரி மரங்களிலிருந்து கிளை கிளையாக வெட்டி வந்து மேலே பரப்ப வேண்டும். நாலாம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் இலையைத் தின்கிற சத்தம், கூரையில் மழை விழுகிற மாதிரி வீடு முழுக்கக் கேட்கும்.

நான் வந்த இரண்டாவது வசந்தத்தில் அந்தச் சத்தம் அவள் வீட்டில் கேட்கவில்லை. சுவர் இடைவெளி வழியாக, “என்ன ஜுலைஹோ, புழு தூங்குதா?” என்று கேட்டேன்.

“வந்து பாரு” என்றாள்.

போய்ப் பார்த்தேன். இலை பச்சையாகவே கிடந்தது. புழுக்கள் அதன் மேல் ஏறி, வாயை வைத்துவிட்டு, விலகிப் போயின. உடம்பு கணுக்கணுவாக வீங்கி, கணுவில் கறுப்பு விழுந்திருந்தது. அவள் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஊதிப் பார்த்தாள். அது அசையவில்லை.

பண்ணை மேஸ்திரி ஒலிம் வந்தார். அறைக்குள் காலைக்கூட வைக்காமல், “வீட்டுல சுத்தம் இல்லன்னா புழு எப்படிம்மா நிக்கும்?” என்றார்.

“மூணு தரம் சுண்ணாம்பு அடிச்சிருக்கேன் மேஸ்திரி. சந்தேகமிருந்தா செவுத்த நக்கிப் பாருங்க.”

“வாய் மட்டும் நல்லா இருக்கு.”

“வாய்தான மிச்சம். புழு போயிடுச்சே.”

அடுத்த வாரம் ஒலிம் வீட்டுப் புழுவும் செத்தது. வாய்க்காலின் கிழக்குக் கரை மரத்தில் இலை வெட்டியவர்கள் வீட்டில்தான் முதலில் போயிற்று. மேற்குக் கரைக்காரர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. கண்ணேறு என்றோம், முட்டை கெட்டது என்றோம்.

பிறகு மாடு. ஜுலைஹோவின் பசு வைக்கோலை வாயில் வைத்துப் பாதி மென்று துப்ப ஆரம்பித்தது. எலும்பு தெரிய இளைத்துவிட்டது. முன்னங்காலை ஊன்றவே பயப்பட்டு, நிலத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. மாவட்டத்திலிருந்து வந்த கால்நடை வைத்தியர் வாயைப் பிளந்து பார்த்தார். பல்லெல்லாம் பழுப்பாகி, ஈறு வரை தேய்ந்திருந்தது.

“கெழட்டு மாடா?”

“மூணு ஈத்துதான் ஆகுது.”

வைத்தியர் மாட்டின் வாயை மூடினார். கையைக் கழுவினார். “தண்ணியில ஏதோ இருக்கு” என்றார். எங்கள் தண்ணீரைத்தான் அவரும் அப்போது தேநீராகக் குடித்துக்கொண்டிருந்தார். ஜுலைஹோ புருஷன் எஷ்முரோத் அதைச் சுட்டிக் காட்டியதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “என்ன ஏன்யா மாட்டி விடுற? வேற ஒண்ணும் கேக்காத” என்றார்.

எஷ்முரோத் பருத்தி வயலில் டிராக்டர் ஓட்டியவர். எதையும் கேலியாகத்தான் சொல்வார். கோடையில் தெற்கே ஆப்கன் பக்கமிருந்து புழுதிக் காற்று வந்து பகலை இருட்டாக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுவார்: “தெக்குல இருந்து மண்ணு வருது. கெழக்குல இருந்து புகை வருது. இருமல் மட்டும்தான்டா நம்ம சொந்த விளைச்சல்.”

ஊர் முதல்முறையாகப் புகை என்று வாய்விட்டுச் சொன்னது அப்படித்தான். விடியற்காலையில் எழுந்தால் வாய்க்கால் மேல் ஒரு நீலப்படலம் படுத்திருக்கும். தொண்டையில் உலோகத்தை நக்கிய ருசி வரும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். தக்காளி மாதிரிப் பழுக்க வேண்டிய சீமைப் பனிச்சங்காய் பேரீச்சை அளவிலேயே உதிர்ந்தது. திராட்சை இலை ஓரத்தில் தீப்பட்டது போல் கருகியது. மாஸ்கோவில் என்னென்னவோ மாறி, வாயைத் திறந்தால் தப்பில்லை என்ற காலம் வந்தபோது, சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் ஆலை வாசலுக்குப் போய் நிற்பது என்று முடிவாயிற்று.

ஜுலைஹோ வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒலிமின் பெண்டாட்டி அவள் காதில் விழும்படியே சொன்னாள்: “அவ ஏன் வருவா? அண்ணன் சம்பளத்துல பாதி இந்தப் புகைதான.”

டிராக்டர் வண்டி கிளம்புகிறபோது ஜுலைஹோ முக்காட்டைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். செத்துப்போன பசுவின் தாடை எலும்பை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

ஆலை வாசலில் பகல் முழுக்க நின்றோம். வேலை முறை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சாம்பல் பூத்த முகங்கள். அதில் ரஜப் ஒருவன். கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகப் பார்த்தவன், தங்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவளும் பார்த்தாள். கையில் எலும்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதை இறக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருத்தி, “மாட்டோட பல்லக் குடுங்கடா” என்று கத்தினாள். தொழிலாளி ஒருவன், “வேலையக் கெடுக்க வந்தீங்களா, பருத்திச் சிறுக்கிகளா” என்று திருப்பிக் கொடுத்தான். ரஜப் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தங்கையிடம் வந்தான்.

“காலையில இருந்து நிக்கிறியா?”

“ஆமா.”

“சாப்ட்டியா?”

அவள் எலும்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வீட்டுக்கு வா. சாப்ட்டுட்டு வந்து நில்லு.”

ஜுலைஹோ என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தனியாகப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை போல. ஸெபோ எங்கள் முன்னால் ரொட்டியைப் பிட்டு வைத்து, சூப் ஊற்றினாள். தாடை எலும்பு துணியோடு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ரஜப்தான் பேச்சை ஆரம்பித்தான். “அந்த நீலப்புகையப் பாத்து பயப்படுறீங்க. அது சும்மா. தொட்டியில ஒரு உப்ப உருக்கி, அதுல வெள்ளப் பொடியக் கரைச்சு கரண்ட் விடுவோம். அலுமினியம் அடியில தங்கும். உப்புல இருந்து ஒரு ஆவி கெளம்பும். கண்ணுக்குத் தெரியாது. அதுதான் பல்லத் திங்குது.”

“தெரிஞ்சுமா அண்ணே?”

“தெரிஞ்சு என்ன பண்ண? மொதல்ல கூரை வழியாத்தான் போச்சு. இந்தத் தெருவுலயே எறங்குச்சு. இங்க இருக்கற மரமெல்லாம் பட்டுப்போச்சு. இந்த ஊர்க்காரங்க சண்ட போட்டாங்க. ஒசரமா குழாய் வச்சாங்க. இங்க கொஞ்சம் தேவல ஆச்சு.” அவன் இருமினான். இருமல் நிற்கும் வரை ஸெபோ அவன் முதுகில் கையை வைத்திருந்தாள். “ஒசரத்துல விட்டது எங்கயாச்சும் எறங்கித்தான ஆகணும். ராத்திரி மலைக்காத்து ஆத்தோட கூடவே மேக்க போகும். போயி, விடியறப்ப பனியோட சேந்து உங்க இலையில ஒக்காந்துக்கும்.”

“வேலைய விட்டுரு அண்ணே.”

“விட்டா தொட்டி நின்னுடுமா? வேற ஒருத்தன் வருவான். எங்க மேல படுறது போக மிச்சம்தான் தங்கச்சி ஒனக்கு வருது.”

அவள் சூப்பைக் குடித்து முடித்தாள். எழுந்து, எலும்பை எடுத்துக்கொண்டு, மறுபடி ஆலை வாசலுக்குப் போய் எங்களோடு நின்றாள். ரஜப் தடுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்துபோனது. வந்தாலும் தெருவில் யாரும் சலாம் சொல்லவில்லை. அவன் கொடுத்த கிண்ணங்களைச் சிலர் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டிருந்தார்கள், அவன் கண்ணில் படும்படி.

பிறகு பெரிய நாடு உடைந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் கம்பியும் சிப்பாயும் வந்தார்கள். அந்தப் பக்கம் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஆற்றில் பிணம் வந்தது என்றார்கள். பஸ் நின்றுவிட்டது, போன் செத்துவிட்டது. ரஜப் உயிரோடிருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை.

சண்டை மும்முரமாக இருந்தபோது ஆலை பெரும்பாலும் அணைந்து கிடந்தது. விடியலில் வாய்க்கால் மேல் நீலம் இல்லை. அந்த வசந்தத்தில் துத்லியில் எல்லார் வீட்டுப் புழுவும் பிழைத்தது. இரவும் பகலும் மழைச் சத்தம். வெள்ளை வெளேரென்று பட்டுக்கூடு. சீமைப் பனிச்சை கிளை தாழக் காய்த்தது. ஒலிம் தெருவில் நின்று, “இன்னும் கொஞ்ச நாளு அடிச்சிக்கட்டும்யா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஜுலைஹோ கூடு பறித்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும்விட அவள் பறித்த கூடுதான் அதிக எடை. கூடையைக் கொண்டுபோய் ஒலிம் காலடியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“புழு நல்லா திங்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரியுதுடி” என்றாள். “அங்க தொட்டி அணைஞ்சிருக்குன்னா அவன் எங்க இருக்கான்?”

அன்றிலிருந்து அவள் விடியலில் எழுந்து கிழக்கே பார்க்க ஆரம்பித்தாள். வாய்க்கால் பாலத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். ஒரு குளிர்காலக் காலையில் என் கதவைத் தட்டினாள். முக்காடு நழுவியிருந்தது. “வா, வந்து மோந்து பாரு. ஒனக்கும் தெரியுதா?”

பனியில் அந்த உலோக ருசி இருந்தது. தெரிகிறது என்றேன். அவள் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் எடுக்க வந்த ஒலிமின் பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டாள். விஷம் வந்ததற்கு ஆனந்தப்படுகிறவள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அந்தப் பேச்சை அவள் மறுக்கவில்லை.

அவள் கணக்குத் தப்பவில்லை. சில மாதம் கழித்து, தகர டப்பா விற்கிற ஒரு வியாபாரி மூலம் சேதி வந்தது. ரஜப் இருக்கிறான், தொட்டியில்தான் இருக்கிறான். அந்த வசந்தத்தில் புழு செத்தது.

அவளுக்கு ஒரே மகள், கவ்ஹார். நல்ல உயரம், நல்ல நிறம். பல் மட்டும் முளைக்கும்போதே பழுப்புக் கோடு விழுந்து முளைத்தது. எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். துத்லிப் பெண்கள் சிரிக்கமாட்டார்கள் என்று வெளியூரில் கேலி பேசுவார்கள். கவ்ஹார் முக்காட்டின் நுனியை எப்போதும் வாய்க்கு அருகில் பிடித்திருப்பாள்.

மேற்கே தொலைவில் ஓர் ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல பேச்சுக்காரி. கவ்ஹார் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் தன் கணவர் கழுதை வாங்கப் போய் ஏமாந்த கதையை எடுத்து விட்டாள். அவ்வளவு நன்றாகச் சொன்னாள். நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். கவ்ஹாரும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கதை அங்கேயே நின்றது. அந்த அம்மாள் கண் பெண்ணின் வாயிலேயே இருந்தது. பிறகு பலாவ் சாப்பிட்டார்கள், கையேந்தி வாழ்த்தினார்கள், போனார்கள். திரும்பி வரவில்லை.

கவ்ஹார் அலுமினியக் கெட்டிலை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். “ஒங்க அண்ணன் எனக்குக் குடுத்த சீர் இதுதான்” என்று வாயைத் திறந்து அம்மாவுக்குக் காட்டினாள்.

“அவன் என்னடி பண்ணுவான்?”

“வேலைய விட்டிருக்கலாம்ல?”

ஜுலைஹோ கெட்டிலை எடுத்து, நசுங்கிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். “விட்டிருக்கலாம்” என்றாள். அன்றுதான் அண்ணனை அவள் விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டேன். அந்த வருடமே கவ்ஹார் ரஷ்யாவுக்கு ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள்.

எல்லை இன்னும் இறுகியது. மலைச்சரிவில் கண்ணிவெடி புதைத்தார்கள். விசா வேண்டுமானால் தலைநகருக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் தொலைக்காட்சியில் சண்டை போட்டார்கள். உங்கள் புகை எங்கள் மாதுளையைக் கொன்றது என்று இவர்கள். எங்கள் புகை எல்லை தாண்டவில்லை, உங்கள் பருத்தி மருந்துதான் எங்கள் மேல் வருகிறது என்று அவர்கள். எஷ்முரோத் பெட்டியை அணைத்துவிட்டு, “காத்துக்குப் பாஸ்போர்ட் கேக்கறானுங்க” என்பார். அவருக்கு மூச்சு இளைத்துக்கொண்டே வந்தது. அவர் போன பிறகு அந்த வீட்டில் கேலி பேச ஆளில்லை.

ரஜப் இறந்த சேதி வந்தபோது ஜுலைஹோ கட்டியிருந்த துணியோடு சோதனைச்சாவடிக்கு நடந்தாள். நானும் போனேன். சிப்பாய்க்கு எங்கள் பிள்ளைகளின் வயது இருக்கும்.

“விசா இருக்காம்மா?”

“அண்ணன் செத்துட்டான் தம்பி. அடக்கம் பண்ணிடுவாங்க.”

“புரியுதும்மா. காகிதம் இல்லாம விட்டா என் வேல போயிடும்.”

அவள் சண்டை போடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமே புழுதியில் உட்கார்ந்து, கையேந்தி, அவனுக்காக ஓதினாள். சிப்பாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தி அவனும் ஓதினான். பிறகு எழுப்பி அனுப்பினான்.

பல வருடம் கழித்து எல்லை திறந்தது. விசா வேண்டாம் என்றார்கள். அதற்குள் ஜுலைஹோவுக்கு முதுகு விறைத்து, இடுப்பிலிருந்து முன்னால் வளைந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் வயசு என்றார்கள். அவளைவிட மூத்தவள் நான், நிமிர்ந்துதான் நடக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக எதையும் பார்க்க அவளால் முடியவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸெபோ கதவைத் திறந்தாள். கிழவியாகியிருந்தாள். ஜுலைஹோவைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிறகு கீழே குனிந்து, அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டு வந்து கட்டிக்கொண்டாள்.

“சண்ட முடிஞ்சப்ப ஒரு தடவ அனுமதிச்சீட்டு கெடச்சுது ஜுலைஹோ” என்று அப்புறம் சொன்னாள். “ஆலையிலயே வாங்கிக் குடுத்தாங்க. அவருதான் போகல.”

“ஏன் அண்ணி? எம்மேல கோவமா?”

“கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. முதுகு மடங்கிப் போச்சு அவருக்கு. ஒன்னாட்டந்தான். ஊருக்குள்ள அந்தக் கோலத்துல நடந்து வந்தா, புகைக்காரனுக்கு ஆண்டவன் குடுத்தான்னு சொல்லுவாங்களேன்னு கூசுனாரு.”

“சொல்லித்தான் இருப்பாங்க” என்றாள் ஜுலைஹோ. “இருந்தாலும் வந்திருக்கலாம்.”

கல்லறையில் அவள் ரொம்ப நேரம் இருந்தாள். மண்ணைத் தொட அவளுக்குக் குனியத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தாள். இறந்தபோது கவ்ஹார் ரஷ்யாவிலிருந்து வந்து சேர முடியவில்லை. ஸெபோ வந்துவிட்டாள். காலையில் கிளம்பி, எல்லையைத் தாண்டி, மதியத்துக்குள் வந்துவிட்டாள். உடலைக் கழுவுகிற பெண்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை அந்தரத்தில் நின்றது. ஒருத்தி மார்பில் கையை வைத்து அழுத்தப் போனாள்.

“அழுத்தாதீங்க” என்றாள் ஸெபோ. “ஒடஞ்சிடும். பக்கவாட்டுல படுக்க வைங்க. தலைக்கடியில கம்பளத்த மடிச்சு வைங்க. அவரையும் அப்படித்தான் கழுவுனோம்.”

அவள் சொன்னபடியே செய்தோம். அவளே தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்து அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். வாய்க்கால் ஓரம் நடந்தோம். மல்பெரி அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. பேசுவதற்கு எதுவும் தோன்றாமல், “ஆலை ஓடுதா?” என்று கேட்டேன்.

“பாதித் தொட்டி ஓடுது. என் பேரன் போன மாசம் வேலையில சேந்தான்.”

நான் மல்பெரித் துளிரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“வேற என்ன இருக்கு அங்க? சொல்லு” என்றாள். பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.